லயத்து வீட்டுத் தேநீர்

இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் மூன்று மாதம் தொண்டு செய்துவிட்டு வந்த என்னையும் என் தோழியையும், சேலத்தில் நாங்கள் படித்த கல்லூரி மண்டபத்தில் பேசச் சொன்னார்கள். ‘சமூக நீதியை நேரில் கண்டோம்’ என்று கரும்பலகையில் கொட்டை எழுத்தில் எழுதியிருந்தது. முன்வரிசையில் அம்மா, ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசைக்குக் கட்டும் சேலையில் உட்கார்ந்திருந்தாள்.

புயலில் அழியுமுன் இருந்த தனுஷ்கோடியில் கப்பலேறியபோது எனக்கு என்ன மிதப்பு! தொழிலாளர்களின் குறைகளைக் கேட்டு எழுதுவதும் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுப்பதும்தான் வேலை. நானோ உலகத்தையே திருத்தப்போவதாக நினைத்துக்கொண்டேன்.

முதல் நாளே கெடுத்தேன். தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்தில், கொழுந்து பறிக்கும் ஒரு அக்கா எங்களுக்குத் தேநீர் கொண்டுவந்தார். பூர்வீகம் எதுவென்று கேட்டேன்.

“வாழப்பாடிப் பக்கமுன்னு எங்கப்பா சொல்லுவாருங்க.”

நம்ம ஊர்க்காரர்! பூரித்துப்போய், ஊரில் வழக்கமாகக் கேட்பதை அங்கேயும் கேட்டுவிட்டேன். “வாழப்பாடியில எந்தப் பக்கமுங்க? ஊருக்குள்ளயா, வெளியவா?”

சாதியைத் தெரிந்துகொள்ளக் கேட்கிற கேள்வி அது. அவருக்கா புரியாது? என்னிடம் நீட்டிய டம்ளரைத் திரும்ப எடுத்துக்கொண்டார். மறுநாள் முதல் தோழிக்குத் தேநீர், எனக்கு உரிக்காத வாழைப்பழம். தங்கள் கையால் சமைத்ததைத் தொடாத சாதிக்காரர்களுக்கு எங்கள் பக்கத்தில் அப்படித்தான் கொடுப்பார்கள். தோட்டத்திலேயே பிறந்தவருக்கும் அது தெரிந்திருந்தது.

மூன்று மாதம் பழம் தின்றேன். மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. ஊருக்குக் கிளம்பும் நாள் காலையில்தான் அவர் வாசலில் போய் நின்றேன்.

“அன்னைக்கு நான் அப்படிக் கேட்டிருக்கக் கூடாதுங்க்கா. எனக்கும் டீ குடுங்க.”

என்னை ஏற இறங்கப் பார்த்தார். தான் குடிக்க ஊற்றி வைத்திருந்ததையே எடுத்து நீட்டினார். “சூடா இருக்கு கண்ணு, பாத்துக் குடி.”

நாக்கு வெந்தது. அழுதுகொண்டே குடித்தேன்.

மண்டபத்தில் தோழி முதலில் பேசினாள். தினமும் அன்பாகத் தேநீர் கொடுத்தார்கள் என்றாள். என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. நல்ல கைதட்டல். என் கையிலும் அதே மாதிரி ஒரு பேச்சு நாலு பக்கத்துக்கு இருந்தது. அதை மடித்து வைத்துவிட்டு நடந்ததைச் சொன்னேன். முடித்தபோது ஒருவரும் கைதட்டவில்லை. எங்களை அனுப்பிவைத்த கன்னியாஸ்திரி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கோ அப்பாடா என்று இருந்தது. அன்றைக்குத்தான் மூன்று மாதத்துக்குப் பிறகு நன்றாகப் பசித்தது.

வீட்டுக்கு நடந்து வரும்போது அம்மா மெதுவாகக் கேட்டாள்.

“கடைசியிலயாவது சொன்னாங்களா, எந்தப் பக்கமுன்னு?”

“சொல்லலைம்மா. நானும் மறுபடி கேக்கல.”

நல்லவேளை, அந்த அக்கா சொல்லவே இல்லை. சொல்லியிருந்தால் அன்று நானும் அம்மாவிடம் சொல்லித்தான் இருப்பேன்.