மருந்து குடிச்சாரா?

"ஏன் டாக்டருக்குப் படிக்கிறே?" என்று கேட்கிற ஒவ்வொரு ஆளுக்கும் ஒவ்வொரு பதில் வைத்திருக்கிறேன். வகுப்பில் என்னைவிட ஆறு வயசு சின்ன வாண்டுகள் கேட்டால், ஆபீஸில் பொழுது போகவில்லை என்பேன். பேராசிரியர் கேட்டால் சேவை. எங்கள் ஊர் சர்ச் பங்குச்சாமி கேட்டால் இறை அழைத்தல். அவருக்குச் சந்தோஷம், எனக்கு நரகம் கொஞ்சம் தள்ளிப் போகும். எல்லாமே அரைகுறை உண்மை. முழுசு எது என்று எனக்கே பிடிபடாததால்தான் உட்கார்ந்து தட்டிக்கொண்டிருக்கிறேன்.

அதற்கு முன்னால் நான் மெடிக்கல் கோடிங் ஆள். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். அமெரிக்காவில் ஒருத்தன் படியில் வழுக்கி விழுகிறான். அங்கே டாக்டர் அதை எழுதுகிறார். அந்த எழுத்தை நான் ஓடைப்பட்டியில் எங்கள் வீட்டு மாடி அறையில் உட்கார்ந்து, ஒரு எண்ணாக மாற்றுகிறேன். அந்த எண்ணைப் பார்த்துத்தான் இன்சூரன்ஸ்காரன் காசு கொடுப்பான். எல்லாவற்றுக்கும் எண் உண்டு. வாத்து கடித்தால் ஒன்று, வாத்து முட்டினால் வேறொன்று. சத்தியமாக. வேலையில் ஒரே சட்டம்: டாக்டர் எழுதியதுதான் வேதம். விழுந்தவனிடம் போய் "அண்ணே, எந்தப் படி?" என்று நாம் கேட்க முடியாது. எழுதியிருப்பதை எண்ணாக்கு, அடுத்ததைத் திற.

நான் அதில் கெட்டிக்காரி. அடக்கமாகச் சொல்ல எனக்கு வராது.

இதற்கிடையில் நீட் எழுதினேன். பன்னிரண்டாவது முடித்ததும் எழுதி பல்பு வாங்கினேன். டிகிரி படிக்கும்போது மறுபடி எழுதி மறுபடி பல்பு. மூன்றாவது தடவை வேலை பார்த்துக்கொண்டே, அம்மாவைத் தவிர யாரிடமும் சொல்லாமல் எழுதினேன். டாக்டர் ஆகிற ஆசையா, ரெண்டு தடவை தோற்ற ரோஷமா என்று கேட்டால் அன்றைக்கு ரோஷம் என்றுதான் சொல்லியிருப்பேன். ரோஷத்துக்கு யாராவது சீட்டு கொடுப்பார்களா? கொடுத்துவிட்டார்கள். அரசுக் கல்லூரி. சனிக்கிழமை மதியத்துக்குள் போய்ச் சேர வேண்டும்.

அதே வாரம் ஆபீஸும் கூப்பிட்டது. சென்னைக்கு வா, மற்றவர்கள் போடுகிற எண்களைச் சரிபார்க்கிற வேலை, பதவி உயர்வு. வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்குள் பதில் சொல்ல வேண்டும்.

வீடு ரெண்டானது.

"ஏசி ரூமு, சுத்துற நாற்காலி. எந்த வெயில்ல நிக்கப் போற நீ?" என்றார் அப்பா. அவரும் சித்தப்பாவும் சேர்ந்து திராட்சை போட்டிருக்கிறார்கள்; நாள் முழுக்கப் பந்தலுக்கடியில் அண்ணாந்து நிற்கிறவர்களுக்கு நாற்காலி என்றால் அப்படி ஒரு மரியாதை. "ஆஸ்பத்திரிக்கு எவனாச்சும் சிரிச்சுக்கிட்டு வாரானா ஆத்தா? வாரவன் பூரா அழுதுக்கிட்டு வாரான். அதயா வாழ்நாள் பூரா பாக்கப் போற?"

"அழுறவகளுக்கும் ஆள் வேணும்ல," என்றது அம்மா. "எம் மக டாக்டருன்னா கோயில்ல சாமியாரே எந்திரிச்சு வழி விடுவாரு."

"ஒனக்கு வழி வேணும்னா நீ படி."

நான் நடுவில் உட்கார்ந்து முறுக்கு தின்றேன். அப்பா சொன்னாலும் சரி என்று பட்டது, அம்மா சொன்னாலும் சரி என்று பட்டது. சித்தப்பா மட்டும்தான் உருப்படியாக ஒன்று கேட்டார்.

"ஏ புள்ள, ஒனக்கு ரெத்தம் பாத்தா மயக்கம் வருமா?"

"தெரியல சித்தப்பா. கம்ப்யூட்டர்லதான பாத்திருக்கேன்."

"நல்லாப் பாத்த போ," என்று சிரித்துவிட்டு இருமினார். அந்த வாரம் முழுக்க அவருக்குச் சளி.

வியாழக்கிழமை காலை அம்மா அவருக்குச் சளி சிரப்பு ரெண்டு மூடி ஊற்றிக் கொடுத்தது. குடித்துவிட்டு மருந்தடிக்கப் போனார். இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். எங்கள் பக்கம் மருந்து என்றால் முதலில் கொடிக்கு அடிக்கிற பூச்சிமருந்து. மனுசன் சாப்பிடுவது மாத்திரை, ஊசி, டானிக்கு, சிரப்பு. "மருந்து குடிச்சிட்டாக" என்று யாராவது சொன்னால் அதற்கு ஒரே அர்த்தம்; நாலு வயசுப் பிள்ளைகூட விளையாட்டை நிறுத்திவிட்டு வீட்டுக்கு ஓடும்.

பதினோரு மணிக்கு அப்பா சித்தப்பாவைத் தோளில் சாய்த்துக் கூட்டிவந்தார். பந்தலுக்கு மருந்து மேல்நோக்கி அடிப்பதால் பாதி மூஞ்சியிலேதான் விழும். அது தினப்படி நடக்கிறது. அன்றைக்கு டேங்கும் முதுகில் ஒழுகியிருக்கிறது. சட்டை தொப்பலாக ஈரம். வேர்வை என்று எல்லாரும் நினைத்தோம். வாந்தி, வாயில் எச்சில், கண்ணிலிருந்து தண்ணீர். ஆட்டோவில் போட்டுக்கொண்டு அரசு ஆஸ்பத்திரிக்குப் போனோம். அம்மா விவரமாகத் தோட்டத்து மருந்து பாட்டிலைப் பையில் போட்டு எடுத்துக்கொண்டது.

அவசரப் பிரிவில் ஒரு டாக்டரம்மா. வெளியூர்ப் பேச்சு. என்னைவிட ரெண்டு மூன்று வயசு கூட இருக்கலாம். சித்தப்பாவின் கண்ணில் டார்ச் அடித்தபடியே கேட்டார்.

"மருந்து குடிச்சாரா?"

எல்லாருக்கும் முந்தி வாயைத் திறந்தவள் நான்.

"ஆமா மேடம். காலைல குடிச்சாக."

"எவ்வளவு?"

"ரெண்டு மூடி."

"என்ன மருந்து?"

"இந்தாங்க, இதான்," என்று அம்மா பையிலிருந்து பூச்சிமருந்து பாட்டிலை எடுத்து நீட்டியது.

எங்கள் ஊரில் பிறந்து வளர்ந்த கழுதை, அந்தக் கேள்விக்கு அப்படிப் பதில் சொல்லலாமா? சொன்னேன். அமெரிக்கக் கேஸ் ஒவ்வொன்றிலும் 'நோயாளி எடுத்துக்கொள்ளும் மருந்துகள்' என்று ஒரு பகுதி வரும். அதைத்தான் கேட்கிறார் என்று என் மண்டை தானாக எடுத்துக்கொண்டது. மெத்தப் படித்த மண்டை.

அதற்கப்புறம் எல்லாம் படபடவென்று நடந்தது. ஒரு ஊசி போட்டார்கள். வயிற்றைக் கழுவ மூக்கு வழியாகக் குழாயை விட்டார்கள். போலீசுக்குத் தகவல் சொல்ல ஒருத்தர் போனார். வாசலில் நின்ற சித்தியின் காதில் "குடிச்சாராம்" என்பது மட்டும் விழுந்திருக்கிறது.

"அடப் பாவி மனுசா! ஒங்களுக்கு நான் என்ன கொற வச்சேன்! நேத்துக்கூடக் கருவாட்டுக் கொழம்பு வச்சனே!"

சித்தப்பா குழாயோடு தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினார். பிடித்துக்கொண்டிருந்த ஆஸ்பத்திரி ஊழியர் அதட்டினார்.

"ஆட்டாதய்யா தலைய. இதெல்லாம் குடிக்கையில யோசிச்சிருக்கணும்."

என் அம்மா "சேசு மரி சூசை, சேசு மரி சூசை" என்று நெஞ்சில் கைவைத்துக்கொண்டு, கொழுந்தனுக்கு அப்படி என்ன துக்கம் என்று அழ ஆரம்பித்தது. அம்மாவுமே நம்பிவிட்டது! நானும் ஒரு நொடி நம்பினேன். எனக்குத் தெரியாமல் வீட்டில் ஏதாவது நடந்திருக்குமோ என்று யோசித்தேன். சத்தியமாக அப்போதுகூட எனக்கு உறைக்கவில்லை.

டாக்டரம்மா எழுதிக்கொண்டிருந்த தாளை எட்டிப் பார்த்தேன். பழக்கதோஷம். பூச்சிமருந்து ரெண்டு மூடி குடித்ததாக உறவினர் சொல்கிறார் என்று ஆங்கிலத்தில் இருந்தது. பார்த்ததுமே மண்டைக்குள் எண் வந்து நின்றது. பூச்சிமருந்து விஷத்துக்கு ஒரு எண் உண்டு. அதில் ஆறாவது இடத்தில் 1 போட்டால் விபத்து, 2 போட்டால் தானே செய்துகொண்டது. நான் 2 போட்டேன். எழுதியிருப்பதற்கு அதுதான் சரி. தணிக்கையில் முழு மதிப்பெண் கிடைக்கும்.

ரெண்டு மூடி என்ற எழுத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். ரெண்டு மூடி. உறவினர் சொல்கிறார். எந்த உறவினர்? நான்தானே?

"மேடம்! குடிக்கல!"

"இப்பதானே குடிச்சார்னு சொன்னீங்க?"

"அது சளி மருந்து மேடம். சிரப்பு. இது கொடிக்கு அடிச்ச மருந்து. இத அவுக குடிக்கல!"

டாக்டரம்மா என்னைப் பார்த்த பார்வையை எழுத எனக்கு வராது. திட்ட அவருக்கு நேரம் இல்லை. சித்தப்பாவின் தோளைத் தொட்டார், கையுறையை மோந்து பார்த்தார்.

"இந்தச் சட்டையோடவா அடிச்சாரு? இன்னும் ஈரமா இருக்கே! கழட்டுங்க, வெட்டிக் கழட்டுங்க. சோப்பு கொண்டாங்க."

அதுதான் விசயம். வயிற்றில் இருக்கிறது என்று நான் சொல்லிவிட்டதால் எல்லாரும் வயிற்றைப் பார்த்தார்கள். மருந்து முதுகில் ஒட்டிக்கொண்டு ஏறிக்கொண்டே இருந்திருக்கிறது. ஊழியர் சட்டையைக் கத்தரித்தார். நான் தண்ணீர் மக்கைத் தூக்கிக்கொண்டு போனேன்.

"கிளவுஸ் போடு. இல்லன்னா அடுத்த பெட்டு உனக்குத்தான்," என்று டாக்டரம்மா ஒரு ஜோடியை என் மேல் எறிந்தார்.

தலைமுடி, காதுக்குப் பின்னால், கழுத்து, அக்குள், முதுகு என்று சோப்பு போட்டு ஊற்றினேன். அண்ணன் மகள் இத்தனை பேர் முன்னால் குளிப்பாட்டுகிறாள் என்று சித்தப்பா கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார். வெட்கமா, சோப்பு எரிச்சலா, தெரியவில்லை. மதியத்துக்கு மேல் எச்சில் நின்றது. கண் கொஞ்சம் தெளிந்தது. டாக்டரம்மா தாளில் பழைய வரியைக் குறுக்கே அடித்துப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டு, புதிதாக எழுதினார். நான் திட்டு வாங்கத் தயாராக நின்றேன்.

"என்ன பண்றே நீ?"

சொன்னேன், சென்னையில் காத்திருக்கிற பதவி உயர்வையும் சேர்த்து.

"ம். மத்தவங்க தப்பைப் பிடிக்கிற வேலையா," என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார். அங்கே வருசநாட்டுப் பக்கமிருந்து ஒருவரைத் தூக்கி வந்திருந்தார்கள். அதே வேர்வை, அதே எச்சில். டாக்டரம்மா அந்த வீட்டம்மாவிடம் குனிந்து கேட்டார்.

"வாயில ஊத்துனாரா, மேல பட்டுச்சா?"

நின்ற இடத்திலேயே நின்றேன். அரை நாளுக்குள் கேள்வி மாறிவிட்டது. கூட்டம் போடவில்லை, மின்னஞ்சல் வரவில்லை. நான் செய்த முட்டாள்தனத்தை அந்தம்மா எடுத்து, அடுத்த ஆளுக்குப் பயன்படுத்திக்கொண்டார்.

இங்கே கதையை நிறுத்தினால் அழகாக இருக்கும். ஆனால் எனக்கு அன்றைக்கு வந்தது குழப்பம்தான். இந்தத் தொழிலுக்கு நீ லாயக்கில்லை என்று ஒரு பக்கம் பட்டது. வாயைத் திறந்து ஒரே வரி சொல்லி, ஒரு மனுசன் மூக்கில் குழாய் ஏற்றியவள் நான். ஆபீஸில் தப்பு செய்தால் மதிப்பெண் குறையும். அந்த அமெரிக்கனுக்கு என்னை யாரென்று தெரியாது. இங்கே தப்பு, ஈரத் தலையோடு படுத்துக்கொண்டு என்னையே பார்த்தது. பயந்துபோய் சென்னைக்கு ஓடத் தோன்றியது. அதே நேரம் கையிலிருந்து அந்தச் சோப்பு வாடை போகக் கூடாது என்றும் இருந்தது. ரெண்டும் ஒரே சமயத்தில். பைத்தியமா என்று என்னையே கேட்டுக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை சித்தப்பாவை வார்டுக்கு மாற்றியிருந்தார்கள். குடிக்கவில்லை என்று நான் கத்தியது அவசரப் பிரிவைத் தாண்டவில்லை. சித்தி அழுதது ஊருக்கே போய்விட்டது. காலையிலிருந்து ஒவ்வொருவராக வந்து பழம் கொடுத்து, கட்டிலோரம் உட்கார்ந்து, தாழ்ந்த குரலில் பேசினார்கள்.

"ரெண்டு பொம்பளப் பிள்ளய வச்சுக்கிட்டு இப்பிடிச் செய்யலாமாப்பா?"

"யோவ், நான் குடிக்கலய்யா!"

"சரி சரி. அப்பிடியே இருக்கட்டும்."

அவர் போனதும் சித்தப்பா என் பக்கம் திரும்பினார். மூக்கு வீங்கியிருந்தது.

"ஏ புள்ள, குடிக்காததுக்கே இம்புட்டுப் புத்திமதி. நீ டாக்டராகி மொத வேலையா, இவன் குடிக்கலன்னு எழுதி ஊர்ச் சாவடியில ஒட்டு."

"மன்னிச்சிருங்க சித்தப்பா."

"மன்னிப்பு கெடக்கு. மூக்கு எரியுது, ஏதாச்சும் கேட்டு வாங்கியா."

மணி நாலரை. அப்பா வார்டு வாசலில் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"பாத்தேல்ல? இதான் அந்த வேல. நேத்து ஒரு நாளக்கே ஒன் மூஞ்சி செத்துக் கெடக்கு."

"ஆமாப்பா."

"பெறகு?"

"போறேன்பா."

"எதுக்குன்னு சொல்லிட்டுப் போ."

"அதான்பா தெரியல."

அப்பா, "தெரியாமயே போ, நல்லாருப்ப," என்று சொல்லிவிட்டு பஸ் நேரம் விசாரிக்கப் போனார். கோபமா சம்மதமா என்று இன்றுவரை நான் கேட்கவில்லை.

வராண்டா பெஞ்சில் உட்கார்ந்து போனில் ராஜினாமா படிவத்தைத் திறந்தேன். விலகும் காரணம் என்று ஒரு பட்டியல் விரிந்தது: திருமணம், உடல்நலம், வேறு வேலை, மேற்படிப்பு, மற்றவை. மேற்படிப்பு என்பதுதான் சரியான விடை. மூன்று வருசம் சரியான விடையைத் தேர்ந்தெடுத்தே சம்பளம் வாங்கியவள் நான். அதன்மேல் விரலை வைத்துவிட்டு எடுத்தேன். மற்றவை என்பதைத் தொட்டேன். விளக்கம் எழுது என்று ஒரு பெட்டி திறந்தது. தெரியவில்லை என்று எழுதினேன். எழுத்து பத்தாது, இன்னும் விரிவாக எழுது என்றது.

உள்ளேயிருந்து சித்தப்பா, "ஏ புள்ள, மருந்து என்னாச்சு?" என்று சத்தம் போட்டார். பக்கத்துக் கட்டில்காரர் சடாரென்று அவரைத் திரும்பிப் பார்த்தது சன்னல் வழியே தெரிந்தது.

ஐந்துக்கு மூன்று நிமிடம் இருந்தது. தெரியவில்லை தெரியவில்லை தெரியவில்லை என்று அடித்தேன். ஏற்றுக்கொண்டது.