பரமநாதன் குமானோ மலை நடந்தது

நோர்வேயில், ஒஸ்லோவின் அம்மருட் பகுதியில் பரமநாதனைத் தெரியாத தமிழர் யாராவது இருந்தால், அவர் போன கிழமைதான் குடிவந்திருப்பார். எட்டாம் வகுப்போடு புத்தகத்தை மூடியவர். அங்குள்ள அடுக்குமாடிகளின் படிகளை இருபது வருடம் துடைத்தவர். இன்று சொந்தத் துப்புரவு நிறுவனத்தில் பதினொரு பேரை வேலைக்கு வைத்திருக்கிறார். யார் முன்னாலும் கைகட்டி நின்றதில்லை.

2007இல், அவருக்கு முழங்கால் சத்திரசிகிச்சை முடிந்து ஆறாம் மாதம், மகள் சுஜானி ஒரு படத்தைக் காட்டினாள். ஜப்பானில் குமானோ என்ற மலைநாடு. ஆயிரம் வருடமாக யாத்திரிகர் மிதித்த கற்படிகள், இரு பக்கமும் வானத்தை முட்டும் மரங்கள், முடிவில் பெரிய கோவில். பரமநாதன் படத்தை மூக்கோடு ஒட்டிப் பார்த்தார். படிகளைப் பற்றி அவருக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. அன்றைக்கே ரொம்மன், லில்லெஸ்ட்ரோம் என்று சுற்றுவட்டாரத்தில் தெரிந்தவர்கள் எல்லோருக்கும் தொலைபேசி எடுத்து, தான் நடக்கப்போவதை அறிவித்துவிட்டார்.

மனைவி சிவநாயகி தானும் வருவதாகச் சொல்லி, ஒரு நிபந்தனை வைத்தார்.

“ஒருக்கா நொண்டினாலும் பஸ்தான். அதுக்குப் பிறகு கதை இல்லை.”

“ஓம், ஓம். ஆர் நொண்டுறதெண்டு பாப்பம்.”

ஒக்டோபரில் போனார்கள். மூன்று நாள் நடையில் கால் சொன்னபடி கேட்டது. கடைசி நாள் பாதையோரம் முழுக்கச் சின்னச் சின்னக் கோவில்கள். மற்ற யாத்திரிகர்கள் சப்பாத்தோடேயே நின்று, இரண்டு தரம் தலை வணங்கி, இரண்டு தரம் கை தட்டிவிட்டுப் போனார்கள். பரமநாதன் ஒவ்வொரு கோவிலிலும் குனிந்தார், கணுக்கால்வரை கட்டிய சப்பாத்தைக் கழற்றினார், கும்பிட்டார், மறுபடி குனிந்து கட்டினார். எட்டாவது கோவிலில் முழங்கால் பிடித்துக்கொண்டது. பத்து அடி சமாளித்தார். பதினோராவது அடியில் கால் இழுபட்டது.

“இஞ்சருங்கோ, நொண்டுறியள்.”

கீழே தெருவும் பஸ் தரிப்பிடமும் தெரிந்தன. பெரிய கோவிலுக்கு இன்னும் இரண்டு மணி நேர நடை. பஸ்ஸில் போய் இறங்கினால் ஒஸ்லோவில் எந்த முகத்தோடு நிற்பது? மலை தன்னை ஒன்றும் செய்யவில்லை, குனிந்து குனிந்து கயிறு கட்டியதுதான் வினை என்றார். அப்படியென்றால் மற்றவர்களைப் போல நின்று கும்பிடுங்கள் என்றார் சிவநாயகி.

“சப்பாத்தோடை சாமிக்கு முன்னாலையோ? அது என்னாலை ஏலாது.”

வளைவில் பஸ் திரும்பிக்கொண்டிருந்தது. பரமநாதன் ஒரு கல்லில் இருந்து, இரண்டு சப்பாத்தையும் கழற்றி, கயிறுகளைச் சேர்த்து முடிந்து கழுத்தில் போட்டுக்கொண்டார். இனிக் குனிகிற வேலையே இல்லை. மனைவிக்கு முன்னால் பத்து அடி போய் பத்து அடி வந்தார்.

“பாரும். எங்கை நொண்டுறன்?”

சிவநாயகி பரீட்சகர் மாதிரிப் பார்த்துக்கொண்டு நின்றார். பஸ் கதவைத் திறந்து காத்திருந்தது. கடைசியில் அதைப் போகச்சொல்லிக் கை காட்டினார்.

அதன் பிறகு பரமநாதனைப் பிடிக்க முடியவில்லை. பாசி, வேர், குளிர்ந்த கல் எல்லாம் உள்ளங்காலுக்குள் ஏறின. எந்தப் படி வழுக்கும், எந்தப் படி தாங்கும் என்று மிதித்ததுமே தெரிந்தது. எதிரே வந்த ஜப்பானியத் தம்பதியர் வாய் பிளந்து வழிவிட்டார்கள். மெதுவாகப் போகச்சொல்லிப் பின்னால் கத்தியவர் சிவநாயகிதான்.

பெரிய கோவிலின் நூற்றைம்பத்தெட்டுப் படிகளையும் உரக்க எண்ணிக்கொண்டே ஏறினார். மேலே மூச்சு வாங்க, சிவநாயகி ஒஸ்லோவுக்கு அழைத்தார்.

“சுஜானி, அப்பா நடந்துதான் வந்தவர்.”

“வெறுங்காலோடை எண்டு சொல்லும்,” என்றபடி பரமநாதன் தொலைபேசிக்குக் கை நீட்டினார்.