இரண்டு ஓ.டி.

போன வாரம் எங்கள் ஜிம்மில் ஒரு சண்டை. ஒரகடத்தில் பேக்கரிக்கு மேல்மாடியில் இருக்கிற ஜிம் அது. சாயங்காலம் லேடீஸ் பேட்ச். நானும் போகிறேன் – இடுப்பு குறைந்த பாடில்லை, அதை விடுங்கள்.

செல்வி டிராக் பேண்ட் போடாமல் சுடிதாரோடு வந்தாள். கையில் ஒரு கறுப்பு டப்பா. நேராக டிரெய்னரிடம் போனாள். அவரை நாங்கள் மாஸ்டர் என்போம்.

“இன்னாத்த குடுத்த மாஸ்டர் எனக்கு? நீ எழுதிக் குடுத்த மாதிரிதானே போட்டுகினேன்!”

ஸ்பீக்கரில் பாட்டு நின்றது. எல்லோரும் திரும்பிப் பார்த்தோம்.

செல்வி பிள்ளைப்பாக்கத்துப் பெண். வல்லம் வடகாலில் ஒரு பார்ட்ஸ் கம்பெனியில் கான்ட்ராக்ட் வேலை. ஷிஃப்ட் முழுக்க லைனில் நின்றுகொண்டே ஒயர் சொருகுவாள். சிலரைப் பெர்மனென்ட் ஆக்கப் போகிறார்கள் என்று பேச்சு வந்தபோது அவள் பெயரும் அடிபட்டது. மெடிக்கல் செக்கப் ஒன்றுதான் பாக்கி. ‘குண்டா இருந்தா மெடிக்கல்ல தூக்கிடுவாங்க’ என்று லைனில் யாரோ கொளுத்திப் போட்டார்கள். அப்படி ஒரு ரூல் உண்டா? கான்ட்ராக்டில் இருக்கிறவள் யாரிடம் போய்க் கேட்பாள்? ஜிம்மில் சேர்ந்துவிட்டாள்.

சேர்ந்த கையோடு கேன்டீன் சோற்றை நிறுத்தினாள். மாஸ்டர் விற்கிற ‘ஃபேட் பர்னர்’ கேப்ஸ்யூலை ஆரம்பித்தாள். பில் கிடையாது. உள்ளே என்ன இருக்கிறது என்று லேபிளும் கிடையாது. டப்பா மேல் மாஸ்டர் வெள்ளை மார்க்கரில் எழுதியது மட்டும்தான்: ‘காலை 1 – ஓ.டி.’

“ஓ.டி.ன்னா ஒரு நாளைக்கு ஒரு வேளைம்மா! டாக்டருங்க அப்டிதான் எழுதுவாங்க” என்றார் மாஸ்டர். ஜிம்முக்கு வருவதற்கு முன்பு மெடிக்கல் ஷாப்பில் இருந்தவர். கைப்பழக்கம்.

“எங்களுக்கு ஒரே ஓ.டி.தான் மாஸ்டர்” என்றாள் செல்வி.

இந்த ரோட்டில் கம்பெனி பஸ் ஏறுகிற யாரை வேண்டுமானாலும் கேளுங்கள்... ஓ.டி. என்றால் ஓவர்டைம்! அவள் படித்தது இப்படி – காலையில் ஒன்று, ஓவர்டைமில் ஒன்று. ஆர்டர் குவிந்திருந்த நேரம். தினமும் ஓ.டி. பார்த்தாள். தினமும் இரண்டு போட்டாள்.

சண்டை ஓய்ந்த பிறகு மாடிப்படியில் அவளோடு உட்கார்ந்தேன்.

“பசியே இல்லக்கா. தூக்கமும் இல்ல. நெஞ்சு மட்டும் படபடன்னு அடிச்சிகினே இருந்துச்சு. கொழுப்பு கரையுது போலன்னு நெனச்சிகினேன்.”

செக்கப்பில் பல்ஸ் எகிறியிருக்கிறது. பி.பி.யும். சற்று நேரம் உட்கார வைத்து மறுபடி பார்த்தார்கள். அப்படியேதான் இருந்ததாம். ‘அன்ஃபிட்’ என்று எழுதிவிட்டார்கள்.

அதற்குப் பிறகுதான் வாலாஜாபாத்தில் ஒரு டாக்டரம்மாவிடம் போயிருக்கிறாள். “ரெண்டு இல்லம்மா, ஒண்ணு போட்டிருந்தாலும் தப்புதான். என்னன்னு தெரியாம எதையும் வாயில போடாதே” என்று திட்டினாராம். “எக்சர்சைஸ் பண்ற பொம்பள பட்டினி கிடக்கலாமா? சோத்தைக் கொஞ்சம் குறை. முட்டை, பருப்பு, சுண்டல் சேத்துக்க. எடை மெதுவாத்தான் இறங்கணும். நல்லா தூங்கு.”

“நைட் ஷிஃப்ட் பாக்கறவள தூங்க சொல்றாங்கக்கா” என்று செல்வி சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நம் உடம்பைக் குறைக்க வழி சொல்ல ஊரே இருக்கிறது – லைன், ஜிம், யூடியூப். ‘சாப்பிட்டியா, உடம்புக்கு என்ன பண்ணுது?’ என்று கேட்கத்தான் ஆள் இல்லை. இல்லையா?

“அது சரி, எடை குறைஞ்சுதா?”

“குறைஞ்சிச்சுக்கா. செக்கப்புல நர்ஸு எழுதிகினாங்க. அதப் பத்தி ஒருத்தர் கூட ஒரு வார்த்தை கேக்கல.”

அதைச் சொல்லும்போதுதான் அழுதாள். எதற்காக இத்தனையும் செய்தாளோ, அது அங்கே யாருக்கும் ஒரு விஷயமே இல்லை. பெர்மனென்ட் ஆக்குகிற அடுத்த பேட்ச் எப்போது என்று கேட்டால் சூப்பர்வைசர் ‘பாக்கலாம்’ என்கிறார். கான்ட்ராக்டையும் நீட்டவில்லை.

நாங்கள் உள்ளே போனபோது, மாஸ்டர் ஈரத்துணியால் செல்வி கொண்டுவந்த டப்பா மேலிருந்த மார்க்கர் எழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். அடுத்த ஆளுக்கு.

மாத்திரையும் நின்றது, வேலையும் நின்றது... செல்விக்கு இப்போது இரண்டு ஓ.டி.யும் இல்லை.