கதிரை முதுகில் ஒரு கை

வெள்ளவத்தையில் பெரியப்பா வீட்டு ஹோலில் எங்கள் குடும்பப் படம் ஒன்று தொங்கியது. மலைநாட்டுத் தேயிலைத் தோட்டமொன்றில் பெரிய கிளாக்கராக இருந்த என் பூட்டன், கோட்டும் தலைப்பாகையுமாகக் கதிரையில் உட்கார்ந்திருப்பார். பக்கத்தில் யாழ்ப்பாணத்து மனைவி, அவர் மடியில் கைக்குழந்தையாக என் அப்பப்பா, முன்னால் மூத்த மகள். வலது ஓரத்தில், கதிரையின் முதுகைப் பிடித்தபடி ஒரு கை மட்டும் தெரியும். கறுத்து மெலிந்த கை. ஆளைக் காணவில்லை, படம் அங்கே வெட்டப்பட்டிருந்தது.

சின்ன வயதில் அது யாரென்று கேட்டேன். "வேலைக்காரி. தோட்டக்காட்டுச் சனம்," என்றார் பெரியப்பா. தேயிலைத் தோட்டக் கூலிகளைக் குறிக்கும் அந்தச் சொல், எவரையும் மட்டந்தட்ட எங்கள் வீட்டில் தயாராக இருந்தது. என் நிறத்தைப் பார்த்தும் அவர் அதைச் சொல்லியிருக்கிறார், சிரித்துக்கொண்டுதான். நான் மறக்கவில்லை.

பழைய புகைப்படங்களை வைத்துக் கலைப்படைப்புகள் செய்வது என் வேலை. மூன்று வருடங்களுக்கு முன்பு, வெட்டப்படாத பிரதியைத் தேடிக் கொட்டாஞ்சேனைக்குப் போனேன். அங்கே அப்பாவின் மச்சாள் இருந்தார். படத்தில் நிற்கும் சிறுமியின் மகள். கத்தோலிக்கரைக் கட்டியதற்காக எங்கள் ஆட்கள் ஒதுக்கிவைத்த மாமி. கதவைத் திறக்காமல் கம்பிக்கு அப்பால் நின்றே கேட்டார்.

"அம்பது வருசமா நான் இருக்கிறனோ செத்தனோ எண்டு ஒருத்தரும் எட்டிப் பாக்கேல்லை. இப்ப படத்துக்கு வந்தனியோ?"

"ஓம் மாமி. படத்துக்குத்தான் வந்தனான்."

பொய் சொல்லாததற்காகத் திறந்தாரோ தெரியாது.

அவரிடமிருந்த படத்தில் கைக்குரியவள் முழுதாக நின்றாள். இருபது வயது இருக்கும். மூக்குத்தி, வெறுங்கால், கமராவை முறைக்கும் கண்கள். படத்தின் பின்பக்கத்தில் மாமியின் தாய் எழுதிவைத்திருந்தார்: "தம்பியும் அவனைப் பெற்றவளும்."

"உன்ர பூட்டனுக்கு உன்ர அப்பப்பாவைப் பெத்துக் குடுத்தது அவள்தான்," என்றார் மாமி. "பிள்ளையை எடுத்துப்போட்டு அவளையே ஆயாவா வைச்சிருந்தவை. பிறகு அதுவும் பிடிக்காமல் வீட்டை விட்டுக் கலைச்சுப்போட்டினம்."

"பேர் என்ன?"

"பேர் சொல்லி ஆர் அவளைக் கூப்பிட்டது?"

இரண்டு படங்களையும் ஆளுயரத்துக்குப் பெரிதாக்கி, பம்பலப்பிட்டியில் ஒரு மண்டபத்தில் பக்கம் பக்கமாக மாட்டினேன். கீழே எங்கள் குடும்பத்தின் கலியாணப் படங்கள்: முதலில் பவுடராலும் பிறகு கொம்பியூட்டராலும் ஸ்டூடியோக்காரர் வெளுப்பாக்கிய முகங்கள். என்னுடையதும் அதில் இருந்தது.

இரண்டாம் நாள் பெரியப்பா வந்தார்.

"உதைக் கழட்டு."

"ஏன்?"

"பேத்திக்குச் சம்பந்தம் பேசி முடிஞ்சிருக்கு. அவையள் பாத்தா என்ன நினைப்பினம்? ஆரோ ஒரு தோட்டக்காட்டாளைக் கொண்டுவந்து..."

"ஆரோ இல்லை. உங்கட அப்பம்மா."

அடிக்கக் கை ஓங்கினார். அடிக்கவில்லை. அவள் நிற்கும் படத்தைப் பிடித்து இழுத்தார். ஆணி பெயர்ந்து, சட்டம் விழுந்து, கண்ணாடி நொறுங்கியது. பார்க்க வந்திருந்த இரண்டு பேர் வெளியேறினார்கள்.

"அந்த முகத்தை ஒருக்காப் பாருங்கோ! உங்கட நாடிதான் அது!" என்று கத்தினேன். அவர் பார்க்காமலே படியிறங்கினார். கண்ணாடி இல்லாமலே படத்தைத் திரும்ப மாட்டினேன்.

பின்னேரம் அப்பா எனக்குப் போன் எடுத்தார். "படத்தில நிண்ட ஆக்கள் எல்லாரும் செத்துப்போச்சினம். உயிரோட இருக்கிற எங்களை ஏன் நாறடிக்கிறாய்?" போனை வைத்துவிட்டேன். மாமிக்கும் கோபம். பிரதி எடுக்கத்தான் தந்தேன், ஊருக்குக் காட்ட இல்லை என்று அசலைத் திருப்பி வாங்கிக்கொண்டார். அந்தக் கோபத்தில் நியாயம் இருந்தது. நான் அவரைக் கேட்காமல்தான் மாட்டினேன்.

சம்பந்தம் குழம்பவில்லை. கலியாணம் நடந்தது, எனக்குச் சொல்லவில்லை. இப்போது காலி வீதியில் என்னைக் கண்டால் பெரியப்பா எதிர்ப்பக்கம் கடந்து போகிறார், எழுபத்தைந்து வயதில், அந்த வாகன நெரிசலில். போன கிழமை ஒரு பஸ் அவரை உரசுமாப்போல வந்து பிரேக் அடித்தது. நான் வீதிக்குள் ஒரு அடி வைத்துவிட்டேன். ஆனாலும் கூப்பிடவில்லை.