தேங்காய்ப்பால் விட்ட கஞ்சி

பசியில் செத்த வெள்ளைக்காரர்களுக்குக் காவல் நிற்பதுதான் லண்டனில் என் வேலை. தேம்ஸ் ஓரத்து மியூசியம் ஒன்றில், கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு மரக்கோட்டையின் மாதிரி. ஆங்கிலேயர் அமெரிக்காவுக்குக் குடியேறப்போன ஆரம்ப காலத்து ஜேம்ஸ்டவுண். வெளியே பூர்வகுடிகளின் முற்றுகை. ஒரு பனிக்காலத்தில் உள்ளே இருந்தவர்கள் குதிரை, நாய், எலி, கடைசியில் சப்பாத்துத் தோல்வரை தின்றார்களாம். கோட்டைக்குள் இருந்தவர்களில் பெரும்பாலானோர் மிஞ்சவில்லை.

"பக்கத்திலேயே ஆறு. ஏன் மீன் பிடிக்கவில்லை?" பார்வையாளருக்கு விளக்கம் சொல்லும் மார்கரெட் எல்லோரிடமும் இதைக் கேட்பாள். போன மாதம் என்னையும் கேட்டாள். "வெளியே வந்தால் கொன்றுவிடுவார்கள்," என்றேன். "நிறைய வாசித்திருக்கிறாய்," என்று மெச்சினாள். நானும் தலையாட்டிவிட்டேன். விளக்கப்போனால் தேநீர் இடைவேளை போதாது.

வாசித்ததல்ல. போரின் கடைசி நாட்களில், முள்ளிவாய்க்காலில் எங்களுக்கும் பக்கத்திலேயே கடல் இருந்தது. என் மனைவி ராணியின் தம்பி ரூபன் கஞ்சிக் கோப்பையைத் தள்ளிவைத்து, "கொஞ்சம் தேங்காய்ப்பால் விட ஏலாதோ அக்கா?" என்று கேட்டான். அவள் ஏசினாள். மீனாவது பிடிப்போம் என்று கரைக்குப் போனவன் ஷெல்லில் செத்துப்போனான். அதற்குப் பிறகு ராணி அவன் பெயரைச் சொன்னதேயில்லை. ஜேம்ஸ்டவுண்காரரை நினைத்தால் எனக்குப் பாவமாகத்தான் இருக்கிறது. ஆனால் வெளியே அம்போடு நின்றவர்கள் அல்லவா அந்த மண்ணின் சொந்தக்காரர்கள்? எங்களுக்கோ மண்ணும் எங்களுடையது, பசியும் எங்களுடையது.

மே மாதத்தில் லண்டன் புறநகரான சட்டனில் கூடி, அந்த நாட்களுக்காக நினைவுக்கஞ்சி குடிப்போம். அரிசி, உப்பு, தண்ணீர். வேறொன்றும் சேர்க்கக் கூடாது. இம்முறை காய்ச்சியவள் ராணி. பொறுப்பாக நின்ற அண்ணைக்கு முதல் வாயிலேயே முகம் மாறிவிட்டது.

"பிள்ளை, இதுக்குத் தேங்காய்ப்பால் விட்டனீரோ? அண்டைக்குக் குடிச்சது வெறுங்கஞ்சியல்லோ?"

"ஓம் அண்ணை. என்ர தம்பி ரூபன் பால் கேட்டவன். அண்டைக்கு இல்லையெண்டு ஏசிப்போட்டன். இண்டைக்கு இருக்குது."

அண்ணை மறுபடியும் கோப்பையை வாயில் வைத்தார். கடைசிச் சொட்டுவரை வழித்துக் குடித்தார். மற்றவர்களும் குடித்தார்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

மிஞ்சியதை மறுநாள் வேலைக்குக் கொண்டுபோனேன். மார்கரெட் ஒரு வாய் குடித்துவிட்டு, "அருமை! உங்கள் ஊர்ப் பண்டிகைச் சாப்பாடா?" என்றாள்.

இந்த முறை நான் தலையாட்டவில்லை. அவளுடைய ஆட்களின் கோட்டைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, ரூபனைப் பற்றி அவளுடைய மொழியில் சொல்லத் தொடங்கினேன்.