கூடை பிடித்து வைத்த இடம்

நீதிமன்றத்துக்கு எதிரே, ஜெராக்ஸ் கடையின் மூலையில் உட்கார்ந்து ஆங்கிலக் கடிதங்கள் அடித்துக் கொடுப்பவள் ஹேமலதா. ஐம்பத்தொரு வயது. அரியாங்குப்பத்தில் தனிக்கட்டை. சொல் விஷயத்தில் மட்டும் அவளிடம் யாருடைய பருப்பும் வேகாது.

"இவரு என் ஃப்ரெண்டுன்னு போடுங்க மேடம்" என்பார், கடிதம் அடிக்க வரும் கலைவாணன்.

"உங்க ஆபீஸ்ல வேல செய்யறவருதானே? அப்ப கொலீக். சேந்து கட நடத்துனா பார்ட்னர். தோஸ்து கீஸ்தெல்லாம் வாய்ப்பேச்சுக்கு. ஃப்ரெண்டுன்னு போட்டா மேலதிகாரி சிரிப்பாரு."

ஊராருக்கெல்லாம் உறவுக்குப் பெயர் வைத்துக் கொடுத்தவளுக்கு, அப்படிப் பெயர் வைக்க ஓர் ஆள் இல்லை. அது அவளுக்கே தெரியும். தெரிந்து என்ன செய்ய?

மாலை பஸ்ஸில் மட்டும் சொர்ணம் இருந்தாள். மீன் விற்றுவிட்டு பஸ் ஸ்டாண்டிலேயே ஏறி, கழுவிய வெறும் கூடையைப் பக்கத்து இருக்கையில் வைத்துக்கொள்வாள். யார் கேட்டாலும் "ஆள் வருது" என்பாள். இரண்டு நிறுத்தம் தள்ளி ஹேமலதா ஏறியதும் கூடை கீழே இறங்கும். பன்னிரண்டு வருடமாக இதுதான் நடப்பு. பேச்சு அதிகமில்லை.

ஹேமலதாவின் கண்புரை அறுவைக்கு நாள் குறித்தபோது, கூட ஓர் ஆள் வந்து கையெழுத்துப் போட்டே ஆகவேண்டும் என்றார்கள். மூன்று நாள் யோசித்து, வெட்கத்தை விட்டு பஸ்ஸில் கேட்டாள்.

"இதுக்கா இவ்ளோ தயங்குன? வர்றேன்" என்றாள் சொர்ணம். அன்றைய மீனை விட்டுவிட்டு, பெட்டியில் இருந்த பட்டுச் சேலையைக் கட்டிக்கொண்டு வந்து நின்றாள்.

ஆஸ்பத்திரியில் படிவம் நிரப்பிய பெண் கேட்டாள்: "இவங்க உங்களுக்கு என்ன வேணும்? ஃப்ரெண்டுன்னு போட்டுரட்டா மேடம்?"

பாழாய்ப்போன பழக்கம், வாய் முந்திக்கொண்டது.

"ஃப்ரெண்டெல்லாம் இல்லம்மா. பஸ்ல கூட வர்றவங்க. அப்படியே போடுங்க."

காட்டிய இடத்தில் சொர்ணம் கையெழுத்துப் போட்டாள். அறுவை முடியும்வரை வாசலிலேயே உட்கார்ந்திருந்தாள். ஆட்டோ பிடித்து வீட்டில் கொண்டுபோய் விட்டாள். கஞ்சி வைத்துக் கொடுத்து, "சொட்டு மருந்த மறந்துராத" என்று கிளம்பிவிட்டாள்.

கறுப்புக் கண்ணாடியோடு படுத்துக் கிடந்த இரண்டு வாரமும் ஹேமலதாவுக்கு அந்த ஒரு பேச்சுதான் திரும்பத் திரும்ப வந்தது. தப்பான சொல் ஒன்றுமில்லை என்று தனக்குத்தானே வாதாடிப் பார்த்தாள். மனம் ஒப்பவில்லை. அந்த வீட்டை எட்டிப் பார்க்க ஒருவரும் வரவில்லை. திங்கள்கிழமை பஸ்ஸில் உட்கார்ந்ததும் மன்னிப்புக் கேட்பது என்று முடிவு செய்துகொண்டாள்.

திங்கள்கிழமை பஸ் வந்தது. சன்னலோரம் சொர்ணம். பக்கத்து இருக்கையில் யாரோ ஒரு பெண், கைபேசியைப் பார்த்தபடி. கூடை சொர்ணத்தின் மடியில் இருந்தது. ஈரம் இறங்கி சேலை நனைந்திருந்தது.

"கண்ணு பரவால்லியா?" என்றாள் சொர்ணம்.

"பரவால்லக்கா."

"நல்லது" என்று சொல்லிவிட்டு அவள் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

நடுவில் முன்பின் தெரியாதவளை வைத்துக்கொண்டு மன்னிப்புக் கேட்க ஹேமலதாவுக்கு வாய் வரவில்லை. அரியாங்குப்பம் வரை கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். புதுக் கண்ணுக்கு எல்லாம் துல்லியமாகத் தெரிந்தது, சொர்ணத்தின் காதோர நரைகூட.