மெட்டி இல்லாத கால்

விருத்தாம்பாள் சிஸ்டரோடு பதினோரு வருஷம் வேலை பார்த்திருக்கிறேன். அதில் பாதிக் காலம் அந்த அம்மாவைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு நான் ஏதோ ஜால்ரா தட்டுவதாக யாரும் நினைக்க வேண்டாம்.

என் பெயர் கலியமூர்த்தி. கடலூரில் ஓர் ஆஸ்பத்திரியின் மனநல வார்டில் உதவியாளர். எந்த ஆஸ்பத்திரி என்று சொன்னால் எனக்கு மெமோ வரும், அதனால் அது வேண்டாம். முரண்டு பிடிக்கிற ஆளைப் பிடிப்பது, படுக்க வைப்பது, குளிப்பாட்டுவது, சாப்பாடு ஊட்டுவது எல்லாம் என் வேலை. அடி வாங்குவதும் என் வேலைதான். அது மட்டும் ஆர்டரில் எழுதியிருக்காது.

சிஸ்டர் குமராட்சிப் பக்கம். அப்பாவும் அம்மாவும் நடவுக்கும் அறுப்புக்கும் போனவர்கள். ஒரு வருஷம் கொள்ளிடத்தில் தண்ணீர் வந்து ஊரையே பள்ளிக்கூடத்தில் தங்க வைத்திருந்தார்கள். அங்கே ஊசி போட வந்த நர்ஸம்மா, அவ்வளவு சேற்றிலும் வெள்ளைச் செருப்பு போட்டிருந்தாராம். அந்தச் செருப்புக்கு ஆசைப்பட்டுத்தான் நர்ஸானேன் என்று அவரே சொல்லியிருக்கிறார். இப்போது ஐம்பத்திரண்டு வயது. வீடு சிதம்பரத்தில். கணவர் மினிபஸ் ஓட்டுகிறார், மகள் கோயம்புத்தூரில் படிக்கிறாள். தினமும் ஆறரை மணி பஸ்ஸைப் பிடித்துக் கடலூர் வந்துவிடுவார்.

வார்டுக்குள் நுழையும் முன் சங்கிலி, கொண்டை ஊசி, அடையாள அட்டைக் கயிறு எல்லாவற்றையும் கழற்றிப் பெட்டியில் வைத்துப் பூட்டுவார். பிடித்து இழுக்க உடம்பில் எதுவும் இருக்கக் கூடாது. ஒருவன் கத்தும்போது கதவை மறைத்து நிற்கமாட்டார். பக்கவாட்டில் கைக்கு எட்டாத தூரத்தில் நின்று, மெதுவாகப் பேசுவார். அந்த நேரத்தில் அவர் ஒருவர்தான் பேசலாம். நடுவில் நான் வாயைத் திறந்தால் தொலைந்தேன்.

எனக்குப் பிடிக்காதது இன்னொன்று. வேறு வழியில்லாமல் ஒருவனைக் கட்டிலோடு கட்டினால், பதினைந்து நிமிஷத்துக்கு ஒருமுறை துணிக்கும் மணிக்கட்டுக்கும் நடுவில் இரண்டு விரல் நுழைகிறதா என்று பார்ப்பார். அவன் அடங்கியதும் ஸ்டூலைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து, என்ன நடந்தது என்று அவனையே கேட்பார். "அவன் இன்னா சிஸ்டர் சொல்லப் போறான்?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"அத அவன் சொல்லட்டும். நீ ஏன் சொல்ற?" என்றார். அன்று முழுக்க நான் அவரோடு பேசவில்லை.

போன வருஷம் அறிவழகன் வந்தான். பிச்சாவரம் பக்கம், இருபத்தாறு வயது. அப்பா ஆண்டி அங்கே சுற்றுலாப் படகு ஓட்டுகிறவர். சாப்பாட்டில் விஷம் வைக்கிறார்கள் என்று பையன் ஆறு மாதமாகச் சந்தேகப்பட்டு, ஒரு நாள் தட்டோடு வந்த அப்பாவைப் பிடித்துத் தள்ளிவிட்டான். அவர் வாசற்படியில் விழுந்தார். ஆம்புலன்ஸில் வந்தவன் வழியெல்லாம் ஒன்றையே சொன்னானாம்: "அப்பாவத் தள்ளிட்டேன்."

ஆனால் ஆண்டி எழுந்து நடந்துதான் வந்தார். முதல் ஐந்து நாள் இரண்டு பஸ் மாறி வந்து, வாழைப்பழத்தை உரித்துத் தான் பாதி தின்றுகாட்டி மீதியை மகனுக்குக் கொடுத்தார். ஆறாம் நாள் வரவில்லை. அதற்கப்புறம் ஆண்டியின் தம்பி பொன்னுரங்கம்தான் வந்தார். தலையில் கிரிக்கெட் ஆடுகிற பையன்கள் போடும் தொப்பி. இந்த வயதில் இந்த ஷோக்கு தேவையா என்று நான்கூட மனசுக்குள் சிரித்துக்கொண்டேன்.

"அண்ணனுக்குக் காய்ச்சல். அண்ணிதான் கூட இருந்து பாத்துக்குறாங்க" என்றார். அறிவழகன் தினமும் "அப்பா எங்க சித்தப்பா?" என்பான். தினமும் அதே காய்ச்சல்.

மாத்திரை அவனுக்கு நன்றாகவே வேலை செய்தது. சாப்பிட்டான், தூங்கினான். ஆனால் யார் முகத்தையும் பார்க்கமாட்டான், எப்போதும் தரையையே பார்த்துக்கொண்டிருப்பான். இருபத்துநாலாம் நாள் அவன் அம்மா தில்லையம்மாள் முதல்முறையாக வந்தாள். நெற்றியில் பெரிய குங்குமப் பொட்டு, தலையில் பூ, கழுத்தில் மஞ்சள் கயிறு. எங்கள் வார்டில் செருப்பை வெளியே விட்டுவிட்டுத்தான் வர வேண்டும். அவளும் வெறுங்காலோடு வந்து மகன் எதிரில் நின்றாள்.

அவன் பார்வை தரையில்தானே இருக்கிறது. அவள் காலைப் பார்த்தான். அப்புறம் ஒரே பாய்ச்சல்.

"இது எங்கம்மா இல்ல. எவளோ வேஷம் போட்டு வந்துருக்கா" என்று கத்திக்கொண்டே கழுத்துக் கயிற்றைப் பிடித்து இழுத்தான். கயிறு அறுந்தது. நானும் இன்னும் இரண்டு பேரும் பிடித்தோம். என் இடது கையில் அவன் பல் பதிந்தது, இன்றைக்கும் தழும்பு இருக்கிறது. ஊசி போட்டு, கட்டிலோடு கட்டினோம்.

ஸ்ரீமதி டாக்டர் ஓடி வந்தார். சின்ன வயது, நல்ல டாக்டர்தான். பெற்ற தாயையே வேறு ஆள் என்கிறான் என்றதும் அவர் முகம் மாறிவிட்டது. "சந்தேகம் முத்திடுச்சு. திங்கட்கிழமை சென்னைக்கு அனுப்பிடலாம்" என்று கடிதத்தை எழுதி வைத்தார். தில்லையம்மாள் அதைக் கேட்டு வராந்தாவில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். சிதம்பரத்தைத் தாண்டியே பழக்கமில்லாதவள். சென்னைக்குப் போனால் பிள்ளை கையைவிட்டுப் போய்விடுவான் என்று அழுதாள்.

உள்ளே சிஸ்டர் ஸ்டூலைப் போட்டுக்கொண்டார். "அறிவு, நீ இன்னா பாத்த?"

"கால்ல மெட்டி இல்ல."

நான் சிரித்துவிட்டேன். மெட்டியாம் மெட்டி, கையில் ரத்தம் வழிய நிற்கிறேன், இவன் நகைக் கணக்குப் பார்க்கிறான் என்று எரிச்சல். சிஸ்டர் சிரிக்கவில்லை. எழுந்து நேராக வராந்தாவுக்குப் போய்த் தில்லையம்மாளின் காலைப் பார்த்தார். நானும் பின்னாலேயே போய்ப் பார்த்தேன். இரண்டு காலிலும் இரண்டாவது விரலில் வெளுத்த தடம். முப்பது வருஷம் கிடந்த இடம் அது.

"யம்மா, வீட்டுக்காரரு எப்பம்மா இறந்தாரு?"

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். பொன்னுரங்கம் மெதுவாகத் தொப்பியைக் கழற்றினார். மொட்டை அடித்த தலை, முடி அரிசி அளவுக்கு முளைத்திருந்தது.

ஆண்டி ஆறாம் நாளே இறந்துவிட்டார். கொள்ளி வைத்தது பொன்னுரங்கம். பதினாறாம் நாள் காரியம் முடியும் வரை தில்லையம்மாள் வெளியே வர முடியாது, அதனால் காய்ச்சல் கதை. காரியம் முடிந்ததும் அவளுக்குப் பொட்டு வைத்து, பூ வைத்து, புதுக் கயிறு கட்டிக் கூட்டி வந்திருக்கிறார்கள். எல்லாம் யோசித்தவர்கள் காலை மறந்துவிட்டார்கள்.

"தள்ளுனதாலதான் செத்தாருன்னு நெனச்சி இவனும் போய்டுவான் சிஸ்டர். அண்ணிக்கு இவன் ஒண்ணுதான் மிச்சம்" என்றார் பொன்னுரங்கம். அவர் சொன்னதில் நியாயம் இருப்பதாகத்தான் எனக்கும் பட்டது. ஸ்ரீமதி டாக்டரும் தயங்கினார். கட்டி வைத்திருக்கிற ஆளிடம் இதைப் போய்ச் சொல்வதா?

அப்போதுதான் சிஸ்டர் தன் கதையைச் சொன்னார். இத்தனை வருஷத்தில் நான் கேட்டதில்லை. சுனாமி வந்தபோது வேறோர் ஆஸ்பத்திரியில் வேலையாம். "ஒரு அம்மா எம் பொண்ணு கெடைச்சாளான்னு கேட்டா. அந்தப் பொண்ணு வெள்ளைத் துணியில கெடந்தத நான் பாத்துட்டுத்தான் வந்தேன். சொல்ல வாய் வரல. தேடுறாங்க, வந்துடுவான்னுட்டேன். பதினோரு நாள் ஆஸ்பத்திரி கேட்டாண்டையே உக்காந்துருந்தா. அதுக்குள்ள எல்லாரையும் அடக்கம் பண்ணிட்டாங்க. மொகத்தக்கூட காட்டலியே நர்ஸம்மான்னு ஒரே வார்த்தைதான் கேட்டா." பிறகு டாக்டரைப் பார்த்துச் சொன்னார்: "இந்தப் பையன் சொன்னது நெசம் டாக்டர். நெசத்தச் சொன்னவனத்தான் கட்டி வெச்சிருக்கோம்."

டாக்டர் ஒத்துக்கொண்டார். ஆனால் மூன்று நாள் ஓர் ஆள் அவனைவிட்டு நகரக் கூடாது என்றார். அந்த ஆள் யார்? நான்தான். கட்டை அவிழ்க்கச் சொன்னார். சிஸ்டர் பொன்னுரங்கத்திடம், "அவரு இறந்த ஆஸ்பத்திரி பேப்பரக் கொண்டாங்க. எனக்குத் தெரியாதத நான் சொல்ல மாட்டேன்" என்றார்.

மறுநாள் காலை பேப்பர் வந்தது. அறிவழகன் இட்லி சாப்பிட்டு முடிக்கும் வரை சிஸ்டர் காத்திருந்தார். வெறும் வயிற்றில் சாவுச் செய்தி சொல்லக் கூடாது என்பது அவர் வழக்கம். தில்லையம்மாள் பொட்டு இல்லாமல் வந்து உட்கார்ந்தாள். நான் கதவோரம் கட்டுப் போட்ட கையோடு நின்றேன். பையில் கட்டும் துணி தயாராக இருந்தது.

"அறிவு, ஒங்கப்பா இறந்துட்டாரு."

அவன் அசையவில்லை. "எப்ப?"

"நீ வந்த ஆறாம் நாள். ஒங்கிட்ட மறைச்சது தப்பு. நேத்து நீ பாத்தது சரிதான்."

"நான் தள்ளுனதுலயா?"

இதற்குத்தான் எல்லோரும் பயந்தோம். சிஸ்டர் பேப்பரை அவன் பக்கம் திருப்பி, விரல் வைத்து வரிவரியாகப் படித்துக்காட்டினார். மாரடைப்பு. தலையை ஸ்கேன் எடுத்ததில் அடி எதுவும் இல்லை. "நீ தள்ளுனது நெசம். அவரு இறந்ததும் நெசம். ஆனா அதனாலதான் இதுன்னு இந்தப் பேப்பர்ல எங்கயும் இல்ல. அதுக்கப்புறம் அஞ்சு நாளு ஒனக்குப் பழம் உரிச்சிக் குடுத்துட்டுத்தான் போயிருக்காரு."

அவன் எழுந்தான். அம்மாவை நோக்கிப் போனான். நான் ஓரடி எடுத்து வைத்தேன். சிஸ்டர் திரும்பிப் பார்க்காமலே கையை நீட்டி என்னை நிறுத்தினார்.

அவன் அம்மாவின் காலடியில் உட்கார்ந்தான். அந்த வெளுத்த விரலைத் தொட்டான். "எப்படிம்மா கழட்டுனாங்க?"

"சோப்பு போட்டு ஒண்ண உருவுனாங்க. இன்னொண்ணு வரல. கம்பி வெட்டுறத வெச்சி வெட்டுனாங்க."

"வலிச்சுதா?"

"இல்லடா" என்றாள். சொல்லிவிட்டு ஒருமுறை சிஸ்டரை ஏறிட்டுப் பார்த்தாள். பிறகு மகன் தலையில் கையை வைத்து, "வலிச்சுதுடா. ரொம்ப வலிச்சுது" என்றாள்.

அப்போதுதான் அவன் அழுதான். அந்த வார்டில் எத்தனையோ பேர் அழுது கேட்டிருக்கிறேன், எனக்குக் கண் நிறைந்தது அன்றைக்குத்தான். கட்டுப் போட்ட கையாலேயே துடைத்துக்கொண்டேன். சிஸ்டர் நோட்டை எடுத்து, மணி பத்து இருபது, அழுகிறார், தாயார் உடன் இருக்கிறார் என்று எழுதினார். எழுதிவிட்டு என் பக்கம் வந்து, "கட்டு நனைஞ்சிருக்கு. கையக் காட்டு கலியமூர்த்தி" என்றார். திங்கட்கிழமை சென்னைக்குப் போன வண்டியில் அறிவழகன் பெயர் இல்லை.